ரகுபதியை முந்த வாங்கின வண்டி

ஏறி உக்காருங்க. பயப்படாதீங்க, பின் சக்கரத்த ஸ்டாண்டுல பூட்டியிருக்கேன், எங்கியும் போகாது. முன்னாடி ரெண்டு கொம்பு நீட்டிக்கிட்டு இருக்குதில்லீங்களா, அதுதான் ஏரோ பாரு. முழங்கைய அந்தப் பஞ்சு மேல வைங்க. ஆங். அப்படியே குனிஞ்சு கையி ரெண்டையும் முன்னால நீட்டுங்க. அட, ஏனுங்க, உங்களுக்கு அளவெடுத்துத் தெச்ச சட்டையாட்டம் இருக்குதுங்க. ஒன்றரை மாசத்துல ஒம்பது பேரு வந்து பாத்துட்டுப் போனாங்க. ஒருத்தனுக்குக் கால் எட்டல, ஒருத்தனுக்குக் கை எட்டல, ஒருத்தன் குனிஞ்சவன் நிமுர மாட்டாம கூப்பாடு போட்டான். நீங்க பத்தாவது ஆளு.

நெசமாச் சொல்றேன், இன்னைக்கு நீங்க இதை எடுத்துட்டுப் போனா எனக்குப் பெரிய உபகாரம். என்ற சம்சாரம் சுகுணா ரெண்டு மாசமா பொள்ளாச்சியில அவங்கப்பா வீட்டுல இருக்கறா. இந்த வண்டி இந்த வாசலைத் தாண்டி வெளிய போனாத்தான் அவ உள்ள வருவாளாம். அதுவரைக்கும் நான் இந்த ஷெட்டுல வண்டிக்குக் காவல் இருக்கறேன். அதனால வெலையப் பத்தி வெசனப்படாதீங்க, விளம்பரத்துல போட்டிருக்கறதுல பாதி குடுங்க போதும். வண்டி போகணும், அவ வரணும், அவ்வளவுதான் எனக்கு.

ஏன் அவளுக்கு வண்டி மேல இத்தன கோவம்னு கேக்கறீங்க. நாயமாப் பாத்தா அவ கோவப்பட வேண்டியது வேற ஒருத்தன் மேல.

நீங்க இப்ப ஓட்டறது ரோடு பைக்குங்களா. சரி. நானும் நாலு வருசம் அதுலதான் ஓட்டினேன். கணபதியில எனக்கு லேத் பட்டறைங்க, பம்புக்கு ஷாஃப்ட்டு கடையறது. நாளெல்லாம் நின்னு நின்னு இடுப்பு புடிச்சுக்குதுன்னு போனா, டாக்டர் சைக்கிள் ஓட்டுங்கன்னாரு. ஓட்டினேன். அப்பறம் நீச்சல் பழகினேன். அப்பறம் ஓடினேன். இது மூணையும் ஒட்டுக்காப் பண்ணினா டிரையத்லான்னாங்க, சரி அதையும்தான் பாத்துரலாம்னு எறங்கினேன். எங்க குடும்பத்துல மொதல்ல எறங்கினது நானுங்க. இத மனசுல வெச்சுக்கோங்க. ரகுபதி எனக்கு அப்பறம் வந்தவன்.

ரகுபதி என்ற சகலை. சுகுணாவோட தங்கச்சி மேனகாவக் கட்டினவன். இன்ஜினியரிங் காலேஜ்ல வாத்தியாரு. ஆறடிக்கு ஒரு அங்குலம் கம்மி, நெகுநெகுன்னு இருப்பான், எப்பப் பாத்தாலும் சிரிச்சுக்கிட்டே பேசுவான். சிரிச்சுக்கிட்டே பேசறவங்கள நான் நம்பறதில்லீங்க. அந்த வீட்டுக்கு நான் மாப்பிள்ளையாப் போயி ஆறு வருசம் கழிச்சு வந்தவன் அவன். ஆனா மாமனார் வீட்டுல மோட்டார் ஓடலைன்னா எனக்கு ஃபோன் வரும். எடம் வாங்கலாமா, ஆபரேசன் பண்ணலாமா, இதுக்கெல்லாம் அவனுக்கு ஃபோன் போகும். பெரிய மாப்பிள்ளைன்னு எலையில மொதச் சோறு எனக்குத்தான் போடுவாங்க. யோசனை கேக்கறது அவங்கிட்ட. பதினாலு வருசமா இதுதான் நடக்குது, நான் ஒரு வார்த்தை பேசுனதில்ல. பொறுமைசாலிங்க நான்.

போன வருசம் ஆனி மாசம் ஒரு போட்டி. காலேஜ் நீச்சல் குளத்துல ஒன்றரை கிலோமீட்டர் நீஞ்சணும், அப்பறம் பாலக்காட்டு ரோட்டுல நாப்பது கிலோமீட்டர் சைக்கிளு, அப்பறம் பத்து கிலோமீட்டர் ஓட்டம். நானும் போனேன், அவனும் வந்தான். நான் ரோடு பைக்குல, அவன் புதுசா வாங்கின டிரை பைக்குல, இதே மாதிரி கொம்பு வெச்சது. இருவத்தஞ்சாவது கிலோமீட்டர்ல பின்னாடி 'சர்'ருன்னு ஒரு சத்தம். திரும்பிப் பாக்கறதுக்குள்ள பக்கத்துல வந்துட்டான். தலையக் கூட நிமித்தாம, அந்தக் கொம்பப் புடிச்சுப் படுத்த வாக்குல சொன்னான், 'மெதுவாவே வாங்கண்ணா.'

அவ்வளவுதான். போயிட்டான்.

மெதுவாவே வாங்கண்ணா. நீங்களே சொல்லுங்க, இது ஒரு மனுசன் பேசற பேச்சா? எகத்தாளம்தான? அதுக்கப்பறம் 'முன்னாடி பக்கக்காத்து இருக்குது'ன்னு ஏதோ சொன்னான், அதை விடுங்க. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து எனக்குத் தெரியாதா? ஆனி ஆடியில அந்த ரோட்டுல ஆடு மாடே சாஞ்சுதான் நடக்கும்.

அந்த வார்த்தை வெளிய போயிருக்காதுங்க. நான்தான் சொன்னேன். பொள்ளாச்சியில எல்லாரும் உக்காந்து சாப்பிடறப்ப, இவன் என்ன பேசினான் பாருங்க மாமான்னு நாயம் கேட்டேன். மாமனார் மென்னுக்கிட்டே, 'நல்லதுதான மாப்ள, மெதுவா வந்தா என்ன தப்பு'ன்னாரு. பந்தியே சிரிச்சுது. சுகுணாவும் சிரிச்சா. ரசத்த ஊத்திக்கிட்டே சிரிச்சா. அன்னையிலிருந்து நான் எங்க லேட்டாப் போனாலும் 'பெரிய மாப்பிள்ளை மெதுவாத்தான் வருவாரு'ன்னு ஆயிப்போச்சு. கல்யாண வீட்டுல, கோயில்ல, எல்லா எடத்துலயும். ரகுபதி மட்டும் சிரிக்க மாட்டான், தலையக் குனிஞ்சுக்குவான். ஊமைக்குசும்பன்.

அன்னைக்கு முடிவு பண்ணினேன். அடுத்த ஆனியில, அதே ரோட்டுல, அவனைத் தாண்டறேன். தாண்டறப்ப அதே வார்த்தைய அவனுக்குத் திருப்பிச் சொல்றேன். 'மெதுவாவே வாங்க தம்பி.' பட்டறையில லேத் ஓடறப்ப சொல்லிப் பாப்பேன். லேத் சத்தத்துல யாருக்கும் கேக்காது. எந்த எடத்துல நிறுத்தணும், எந்த எழுத்த இழுக்கணும், எல்லாம் பழகி வெச்சிருந்தேன்.

அதுக்கு வண்டி வேணுமில்லீங்களா. கடைக்குப் போனேன். அந்தக் கடைக்காரப் பையன், பையன் என்ன, நாப்பது வயசு ஆளு, என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, 'சார், உங்க ரோடு பைக்குலயே ஏரோ பார மட்டும் மாட்டி ஒரு ஆறு மாசம் ஓட்டிப் பாருங்க'ன்னான். டிரை பைக்குல சீட்டு முன்னாடி தள்ளி இருக்கும், குனிஞ்சே கெடக்கணும், கெடந்தா காத்து மேல மோதாது, அப்பறம் ஓடறதுக்குத் தொடையில தெம்பு மிஞ்சும், எல்லாம் வாஸ்தவம். ஆனா கியரு கொம்பு நுனியில இருக்கும், பிரேக்கு ஓரத்துல இருக்கும். குனிஞ்சிருக்கறப்ப கையி பிரேக்குல இருக்காது. நம்ம ஊரு ஸ்பீடு பிரேக்கருக்கும் நாய்க்கும் இது ஆகாது, மொதல்ல ஒடம்புக்கு அளவெடுக்கணும், அளவு தப்பினா கழுத்து போயிரும்னான். அவன் சொன்னது பூராவும் சரிதானுங்க. நீங்களும் கேட்டுக்கோங்க, சரியான யோசனை. ஆனா ஒரு மில்லியில நூத்துல ஒரு பங்கு பாத்துக் கடையறவங்கிட்ட வந்து அளவெடுக்கணும்கறான். எனக்கு அளவு சொல்லித் தர்றானாம்.

அளவு எங்கிட்ட இருக்குதுப்பான்னேன். இருந்துச்சு. தீபாவளிக்கே எடுத்துட்டேன்.

எப்படின்னா, தீபாவளிக்கு ரகுபதி பொள்ளாச்சிக்கு வண்டியோட வந்திருந்தான். மத்தியானம் கறிச்சோறு தின்னுபோட்டு எல்லாரும் சாஞ்சுட்டாங்க. கார் நிறுத்தற எடத்துல வண்டி தனியா நிக்குது. நான் டேப்பு, வெர்னியரு, ரசமட்டம், மூணையும் பட்டறையிலிருந்தே கொண்டு போயிருந்தேன். சீட்டு ஒசரம், சீட்டு சாய்மானம், கொம்பு நீளம், பஞ்சுக்கும் பஞ்சுக்கும் நடுவுல எத்தன, மொத்தம் பதினேழு அளவு. மைசூர்பாக்கு அட்டைப் பெட்டிக்குப் பின்னாடி எழுதினேன். சுகுணா தண்ணி குடிக்க வந்தவ பாத்துட்டு, 'என்ன, வண்டிக்குப் பொருத்தம் பாக்கறீங்களா'ன்னா. பேசாமப் போடீன்னுட்டேன்.

அப்பத்தான் அவன் ஷூவப் பாத்தேன். பெடல்ல மாட்டறதுக்கு அடியில ஒரு கொக்கி இருக்குமில்லீங்களா, எடது ஷூவுல மட்டும் அந்தக் கொக்கிக்கும் ஷூவுக்கும் நடுவுல ஒரு தகடு. வெர்னியர் வெச்சேன். ஆறு மில்லி. வலது ஷூவுல இல்ல. அடேய், இதுதானடா உன்ற ரகசியம்னு எனக்கு ஒடம்பே சிலுத்துப்போச்சு. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் யோசிச்சேன், எடதுக்கு மட்டும் எதுக்குன்னு. மூணாம் நாள் புடிபட்டுது. நம்ம ரோடு எடது பக்கமா சரிஞ்சிருக்குதில்லீங்களா, மழைத்தண்ணி வழியறதுக்கு? நாம எடது ஓரமாத்தான் ஓட்டறோம். அப்ப எடது காலுக்கு ரோடு பள்ளம். அந்தப் பள்ளத்துக்குத் தகடு குடுத்திருக்கான். வாத்தியாரு மூளைன்னா மூளைதான். நானும் அலுமினியத்துல சுத்தமா ஒண்ணு வெட்டி எடுத்தேன். ஆறு மில்லி, ஒரு நூல் கூடல, ஒரு நூல் கொறையல.

தை மாசம் வண்டி வந்துச்சு. அவன் வண்டி என்ன சைசோ அதே சைசு. அவன் சக்கரத்து விளிம்பு அறுவது மில்லி ஆழம், நான் எண்பதுல வாங்கினேன். பாத்தீங்களா, தோசைக்கல்லாட்டம் எத்தன அகலம். நேர் காத்துல இது கத்திங்க. பக்கக்காத்துலதான் பாய்மரம்.

அஞ்சடி ஆறங்குலம் நான். அவன் அளவுல வெச்ச வண்டி. ஓட்டறப்பக் கையி நீண்டு நீண்டு தோள்பட்டை கழண்டு வர்ற மாதிரி இருக்கும். பழகினா சரியாயிரும்னு பழகினேன். எடது முட்டி வலிச்சுது, எண்ணெ தேச்சேன். மாசி பங்குனியில கழுத்து ஒரு பக்கமாத் திரும்பல. பட்டறையில யாராச்சும் கூப்பிட்டா முழு ஒடம்பும் திரும்பும். சுகுணா இந்தக் கருமத்த வித்துத் தொலைங்கன்னா. வேகம் வந்துச்சுங்க, அதுக்குப் பொய் சொல்ல மாட்டேன். போன வருசத்துக்கு இந்த வருசம் மணிக்கு மூணு கிலோமீட்டர் ஏறிருச்சு. வலி கெடக்குது வலி.

போட்டிக்கு மொத நாள் ரகுபதி ஃபோன் பண்ணினான். 'அண்ணா, நாளைக்குக் காத்து பலமா இருக்குதாம், முன்னாடி ஆழம் கம்மியான சின்ன சக்கரத்தப் போட்டுக்கோங்கண்ணா, நானும் மாத்திட்டேன்'னான். பாத்தீங்களா தந்திரத்த. என்ற வேகத்தக் கொறைக்கறதுக்கு வழி பாக்கறான். சரி தம்பின்னு சொல்லிப்போட்டு எண்பதையே மாட்டிக்கிட்டுப் போனேன்.

நீச்சல்ல எனக்கு நாலு நிமிசம் முன்னாடி ஏறிட்டான். சைக்கிள்ல புடிச்சேன். கண்ணுக்கு எட்டற தூரத்துல அவன் முதுகு தெரியுது. தெரியுதுங்க. கிட்டக் கிட்ட வருது. இந்தப் போட்டியில ஒருத்தன் பின்னாடி ஒட்டிக்கிட்டு ஓட்டக் கூடாது, ஒண்ணு பத்து மீட்டர் விடணும், இல்ல தாண்டிப் போயிரணும். நான் விடல. தென்னந்தோப்பு முடிஞ்சு வெட்ட வெளி வர்ற எடத்துல அவன் கொம்ப விட்டுட்டு எந்திரிச்சு ஓரப்பிடியப் புடிச்சு மெதுவாப் போறான். பயந்தாங்கொள்ளி. நான் படுத்த வாக்குலயே பக்கத்துல போனேன். ஒரு வருசம், ஒரு முழு வருசம் இதுக்காகத்தான. முகத்தப் பாத்துச் சொல்லணுமில்லீங்களா? திரும்பப் பாத்தேன். கழுத்து திரும்பல. தோளோட சேத்துத் திருப்பினேன்.

'மெதுவா' வரைக்கும் சொன்னது ஞாபகம் இருக்குது. 'வாங்க' சொன்னனா இல்லையான்னு இன்னைக்கும் எனக்குச் சந்தேகம். யாரோ முன் சக்கரத்தக் கையில புடிச்சுத் தள்ளின மாதிரி இருந்துச்சு. அப்பறம் வேலிக்குள்ள கெடக்கறேன். காறையெலும்பு ரெண்டாப் போச்சு. வண்டிக்கு ஒண்ணுமில்லீங்க, நல்லாப் பாத்துக்கோங்க, ஒரு கீறல் கெடையாது. என் மேலதான் விழுந்துச்சு.

ரகுபதி நின்னுட்டான். மூணாவது எடத்துல போயிட்டிருந்தவன், வண்டியப் போட்டுட்டு வேலிக்குள்ள எறங்கி வந்தான். என்ற தலையத் தொடையில வெச்சுக்கிட்டான், ஆம்புலன்சுக்கு ஃபோன் பண்ணினான், ஷூவக் கழட்டினான். ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே வந்தான். பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கே அவன் போகல. ஊரெல்லாம் இதத்தான் பேசறாங்க. பந்தயத்த விட்டுட்டு சகலைக்காக நின்னாருன்னு. நான் ஒரு வருசம் ஒழைச்சு எலும்ப ஒடைச்சேன், பேரு அவனுக்கு. இதுலயும் அவன் என்னை முந்திட்டான், பாருங்க.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில எல்லாரும் இருந்தாங்க. மாமனாரு, மாமியாரு, மேனகா, சுகுணா. ரகுபதி கட்டில்கிட்ட வந்து, மெல்ல, 'உங்களுக்கும் எடது கால் கட்டைங்களாண்ணா? சொல்லவே இல்லையே'ன்னான்.

எனக்கு ஒண்ணும் புரியல. அப்பறம் அவனே சொன்னான், காலேஜ் படிக்கறப்ப பைக்குல விழுந்து எடது கால்ல எலும்பு ஒடைஞ்சு, கூடினப்பக் கொஞ்சம் கட்டையாக் கூடிருச்சாம். ஆறு மில்லி. அதுக்குத்தான் தகடாம். உங்க ஷூவக் கழட்டறப்பப் பாத்தண்ணா, எனக்கு வெச்ச மாதிரியே இருக்குதுன்னான். மாமனாரு விசயத்த மெதுமெதுவாப் புரிஞ்சுக்கிட்டாரு. 'புலியப் பாத்துப் பூனை சூடு போட்டுக்கிட்ட கதையா இருக்குதே மாப்ள'ன்னாரு. சுகுணா மொகத்தத் திருப்பிக்கிட்டா. சிரிச்சாளோ அழுதாளோ, எனக்குத் தெரியல. அந்தப் பக்கம் கழுத்து திரும்பாதில்லீங்களா.

அப்ப நான் ஒரு வார்த்தை சொன்னேன். ஒரே ஒரு வார்த்தைங்க. 'நொண்டிக்கு எதுக்குடா பந்தயம்'னேன்.

அவ்வளவுதான். அவன் ஒரு வருசத்துக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொன்னான், நான் அன்னைக்கு ஒரு வார்த்தை சொன்னேன். பதிலுக்குப் பதில். ஆனா மேனகா வெளிய போயிட்டா. ரகுபதி, 'மருந்து வாங்கிட்டு வர்றேன்'னுட்டுப் போனான். வாங்கியும் கொண்டாந்து வெச்சான், அந்த நடிப்பத்தான் என்னால தாங்க முடியல. சுகுணாதான் என்னை வீட்டுக்குக் கொண்டாந்து விட்டா, கட்டுப் பிரிக்கற வரைக்கும் சோறு ஊட்டினா. கட்டுப் பிரிச்ச அன்னைக்குப் பெட்டிய எடுத்துக்கிட்டா. மொதல்ல, ரகுபதிகிட்டப் போயி மன்னிப்புக் கேக்கணும்னா. அது என்ற உசுரு போனாலும் நடக்காதுன்னேன். ஒரு வாரம் கழிச்சு ஃபோன்ல அழுதா. சரி, மன்னிப்பு வேண்டாம், அந்த வண்டிய மட்டும் வெளிய அனுப்புங்க, நான் வந்தர்றேன்னா. எறங்கி வந்துட்டாங்க அவ. பாவம், அவளுக்கும் என்னை விட்டா யாரு இருக்கறாங்க? எனக்கும் கடைச்சோறு தின்னு தின்னு வயிறு கெட்டுப்போச்சு. காலையில எந்திரிச்சா வீடு வெறிச்சுன்னு இருக்குது. நாப்பத்தாறு வயசுல இதெல்லாம் தேவையா.

சரி, என்ற கதை போதும், எறங்குங்க. காருல ஏத்தறதுன்னா முன் சக்கரத்தக் கழட்டித் தர்றேன். அந்த எண்பது சக்கரத்த ஆனி ஆடியில மாட்டாதீங்க, சின்னது ஒண்ணு தனியா இருக்குது, அதையும் சும்மாவே எடுத்துக்கோங்க. சுகுணாவுக்கு இப்பவே ஃபோன் போடலாமான்னு கை துடிக்குது. இருக்கட்டும், நீங்க வாசலைத் தாண்டின பொறகு போடறேன்.

ஆமா, கேக்கவே மறந்துட்டேன். விளம்பரத்த எங்க பாத்தீங்க? நான் போட்டு ஒன்றரை மாசமாச்சே, அது அடியில எங்கியோ போயிருக்குமே. விளம்பரம் பாக்கலீங்களா? பின்ன யாரு சொன்னா?

என்ன பேரு சொன்னீங்க?

ரகுபதி சாரா.

நீச்சல் குளத்துல பழக்கமா. உங்க ஒசரத்தப் பாத்துட்டு அவனே சொன்னானா, இந்த வண்டி உங்களுக்குச் சரியா இருக்கும்னு. அவன் அளவு வண்டியாச்சே, அவனுக்குத் தெரியாதா. என்னைப் பத்தி, நல்ல மனுசன், ஏமாத்த மாட்டாருன்னு வேற சொன்னானா. நான் அனுப்பினதாச் சொல்லிராதீங்கன்னும் சொன்னானா. பின்ன ஏங்க சொன்னீங்க? இல்ல இல்ல, உங்க மேல தப்பில்ல. நான் கேட்டேன், நீங்க உள்ளதச் சொன்னீங்க.

வண்டியிலிருந்து கையெடுங்க. கொஞ்சம் அக்கட்ட நில்லுங்க.

கோவமெல்லாம் இல்லீங்க. ஆனா நாளைக்குப் பொள்ளாச்சியில என்ன பேசுவாங்க, யோசிச்சுப் பாருங்க. சின்ன மாப்பிள்ளை ஆள் புடிச்சு அனுப்பித்தான் பெரியவ குடும்பம் ஒண்ணு சேந்துச்சும்பாங்க. நான் கட்டின பொண்டாட்டிய எனக்கு அவன் திருப்பிக் குடுத்ததா ஆயிரும். ஒவ்வொரு தீபாவளிக்கும் அவன் தலையக் குனிஞ்சு சிரிக்காம உக்காந்திருப்பான், நான் அதப் பாத்துக்கிட்டே மொதச் சோறு திங்கணும். என்னால ஆகாதுங்க. முழு வெலையும் தர்றீங்களா? நீங்க ரெண்டு பங்கு குடுத்தாலும் வேண்டாம். வேற ஆளு வருவான். வரட்டும். வராட்டிப் போகட்டும்.

இருங்க, ஃபோனு. சுகுணா. பாத்தீங்களா, அவளுக்கும் சொல்லியிருக்கான். ஒரு நிமிசம் சத்தம் போடாம நில்லுங்க.

ம், சொல்லு. ஆமா, வந்தாரு. பாத்தாரு. ஏறி உக்காந்துகூடப் பாத்தாரு. இல்ல, பொருந்தல. கையி எட்டலையாம். நான் என்ன பண்ணட்டும், பொருந்தலைன்னா பொருந்தலதான. அதுக்கு எதுக்கு அழுகற? பெட்டிய எதுக்கு இப்பவே கட்டின? பிரிச்சு எடுத்து வெச்சுரு. இல்ல, ஃபோன அவருகிட்டக் குடுக்க முடியாது. அவரு அப்பவே போயிட்டாரு.